ஏழு முடிவதற்குள் எட்டு

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கூடத்தில் நாங்கள் கராத்தே சொல்லித் தருகிறோம். நாங்கள் என்றால் நானும் என் மகளும். சமீபகாலமாக அவள் சொல்லித் தருகிறாள், நான் எண்ணுகிறேன்.

எண்ணுவது சின்ன வேலை இல்லை. இச்சி, நி, சான் என்று ஜப்பானிய மொழியில் பத்துவரை ஒருவர் முன்னால் நின்று குரல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கும் வரிசை மொத்தமும் ஒரு குத்து விடும். படியேறும்போதும் இட்லி வேகும்போதும்கூட எண்ணிக்கொண்டிருக்கிற எனக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது.

விளையாட்டுப் பயிற்சி படித்துவிட்டு மகள் வந்ததும் தரைக்கு ரப்பர் பாய் வந்தது. சிமெண்டில் முஷ்டியை ஊன்றித் தண்டால் எடுப்பது போயிற்று. முணுமுணுத்துக்கொண்டே சகித்தேன். பெல்ட் தேர்வுக்கு முந்தைய வாரம், "தேர்வுல போன் டைமர் வெச்சே எண்ணிடலாம்பா" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம் கேட்டேன். வகுப்பை வீடியோ எடுத்திருந்தாள். அதை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். முதல் ஆறு குத்துகளும் நேராக நீண்டன. அதற்குமேல் ஒருவர் கையும் முழுதாக நீளவில்லை. பாதியிலேயே திரும்பி அடுத்த குத்துக்கு ஓடியது.

"பாத்தீங்களா? ஏழு முடியறதுக்குள்ள எட்டு சொல்றீங்க. சிவாஜிநகர் பஸ்ஸு புடிக்கணுமா என்ன?"

"அவங்கதான் ஸ்லோ."

"இருபத்திரெண்டு பேருமா?"

"இருபத்திமூணு" என்று திருத்தினேன். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நின்ற ஒருத்தியை அவள் விட்டுவிட்டாள்.

சிரித்துவிட்டாள். "சரி, நீங்களே எண்ணுங்க. ஒரே கண்டிஷன். எண்ணும்போது நீங்களும் குத்தணும். கை முழுசா நீளணும்."

இதென்ன பெரிய கண்டிஷன் என்று ஒப்புக்கொண்டேன். என் வலது தோள் வலியை நான் மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை.

தேர்வன்று முதலில் வலது கை. ஆறுவரை ஜோராகப் போயிற்று. ஏழில் தோள் பிடித்துக்கொண்டது. கை நீண்டு முடியும்வரை எட்டு வாயில் வரவே இல்லை. முன்வரிசையில் நின்ற ஐ.டி. கம்பெனிக்காரப் பெண், "நிதானமா மாஸ்டர், நாங்க எங்கயும் போகல" என்று முணுமுணுத்தாள்.

பத்து சொன்னபோது எல்லாக் கைகளும் நேராக நீண்டிருந்தன, என்னுடையது உட்பட. மகள் போனை எடுத்துப் பைக்குள் போட்டாள்.

"அடுத்து இடது கை" என்றாள். பிறகு என் காதருகே வந்து, "அந்தத் தோள்ல உங்களுக்கு வலி இல்ல. ஏழுல ஜாக்கிரதை."