எழுபத்திரண்டு படியும் ஒரு தையல் மெஷினும்

கண்டியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியாத ஒரு வளைவில், ஆற்றோரமாக, எங்கள் பம்ப் ஹவுஸ் இருக்கிறது. பம்ப் அறை மேலே. நீர்மட்டம் பார்க்கும் கிணறு கீழே. இரண்டுக்கும் நடுவில் எழுபத்திரண்டு படிகள். ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் இறங்கி, அளவுக் கம்பியைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு ஏறி வர வேண்டும். அந்தப் படிகளைக் கட்டியவர் யாரோ எனக்குத் தெரியாது. அவருக்கு முழங்கால் வலி இருந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

நான் ரிஸ்மி. ராஜலிங்கம் அண்ணனுக்கு அடுத்த ஷிப்ட் எப்போதும் என்னுடையது. அவருக்கு ஒரு வாரம் காலை ஆறிலிருந்து இரண்டு, மறு வாரம் இரண்டிலிருந்து பத்து, அதற்கடுத்த வாரம் இரவு பத்திலிருந்து காலை ஆறு. எது எப்படி மாறினாலும் அவர் எழும்பிய கதிரையில் உட்காருவது நான்தான். பதினொரு வருடமாக இப்படி. கதிரையின் சூடு ஆறுவதற்குள் அவர் வீட்டுக் கதை முழுவதும் என் காதுக்கு வந்துவிடும். நான் கேட்டேனா என்று யாரும் கேட்டதில்லை.

அண்ணனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மஹய்யாவைக்காரர். இருபத்தாறு வருடமாக இதே பம்ப். சத்தத்தை வைத்தே பம்புக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். தன் முழங்கால் போடும் சத்தத்தைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டார். சீனி வருத்தமும் உண்டு, தொந்தியும் உண்டு.

அக்டோபர் மாதம் புதிதாக வந்த இஞ்சினியர் மாத்தயா, அதாவது பெரிய ஐயா, பம்ப் ஹவுஸைப் பார்க்க வந்தார். அண்ணன் அப்போதுதான் கிணற்றுக்கு இறங்கியிருந்தார். இஞ்சினியர் மேலே நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். எட்டிப் பார்த்தால், ஏறும் வழியில் நாற்பதாவது படியில் அண்ணன் உட்கார்ந்து வலது முழங்காலைத் தடவிக்கொண்டு ஆற்றை ரசித்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் கடிதம் வந்தது. மூன்று மாதத் தவணை. ஜனவரி நடுவில் இஞ்சினியரின் கண்முன்னே இறங்கி, இடையில் எங்கும் உட்காராமல் ஏறி வர வேண்டும். முடியாவிட்டால் நகர அலுவலகத்தில் முறைப்பாட்டுப் பிரிவு.

அந்தப் பிரிவு என்னவென்று தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஒரு மேசை, ஒரு கதிரை, தண்ணீர் வரவில்லை என்று கத்துவதற்காகவே காலையில் குளிக்காமல் வந்திருக்கும் ஒரு கூட்டம். அண்ணன் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். பம்புக்குக்கூட "என்னப்பா, என்ன செய்யுது" என்றுதான் கதை கொடுப்பார். அங்கே போட்டால் இரண்டே வாரத்தில் ஆள் காலி. அவரே அப்படித்தான் சொன்னார். எனக்கும் கஷ்டமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் நிரஞ்சனி மிஸ் கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். தொடைச் சதை இறுகினால்தான் முழங்கால் தாங்கும், ஆனால் படி ஏறிப் பழகக் கூடாது, சமதரையில் நடக்க வேண்டும் என்றார். கண்டியில் சமதரைக்கு எங்கே போவது? வாவியைச் சுற்றித்தான் கொஞ்சம் இருக்கிறது.

ஆகவே அண்ணன் நைட் முடித்து, நேரே பஸ் ஏறி, வாவிக்கரைக்குப் போனார். புதுச் சப்பாத்து, கையில் தண்ணீர்ப் போத்தல், எல்லாம் சரி. இரவு முழுக்கக் கண் விழித்தவருக்குக் காலைக் குளிர்காற்று முகத்தில் பட்டால் என்ன ஆகும்? கால்வாசி தூரம் நடந்துவிட்டு, சப்பாத்து நாடாவைக் கட்டலாம் என்று ஒரு பெஞ்சில் குனிந்தவர், பத்து மணிக்குப் பொலிஸ்காரர் தட்டித்தான் எழும்பினார். வீட்டில் இராஜகுமாரி அக்கா, அவருடைய மனைவி, ஆளைக் காணவில்லை என்று எனக்கு ஏழு தடவை போன் எடுத்துவிட்டார்.

அடுத்தது, வீட்டுக்குப் பக்கத்திலேயே நடப்பது. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்த கையோடு, மஹய்யாவையில் உள்ளதற்குள் ஏற்றம் குறைந்த ஒரு ரோட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்த ஏரியாவில் அவரைத் தெரியாத த்ரீவீல்காரர் கிடையாது. கால் தாங்கித் தாங்கி நடக்கும் மனிதரை உச்சி வெயிலில் கண்டுவிட்டுப் பேசாமல் போக அவர்களால் முடியாது. "ஏறுங்க அண்ணே, காசு வேணாம்" என்று ஒருவர் நிறுத்துவார். நான் தேகப்பயிற்சிக்காக நடக்கிறேன் என்று சொல்ல அண்ணனுக்கு வெட்கம். ஏறிவிடுவார். வீட்டு வாசலில் இறங்கி, த்ரீவீல் போனதும் திரும்பவும் நடக்கத் தொடங்குவார். அடுத்தவர் வருவார். முதல் வாரத்தில் மொத்தமாக முன்னூறு மீற்றர் நடந்து, பதினைந்து தடவை த்ரீவீலில் வந்தார். இரண்டு கிலோ கூடியதுதான் மிச்சம், ஏனென்றால் இரண்டு டிரைவர்மார் வழியில் நிறுத்தித் தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

அப்படியென்றால் சைக்கிள் மிதியுங்கள் என்றார் நிரஞ்சனி மிஸ். கண்டியில் சைக்கிள் என்றால் ஏற்றத்தில் நாம் அதைத் தள்ள வேண்டும், இறக்கத்தில் அது நம்மைத் தள்ளும். வீட்டுக்குள் வைத்து மிதிக்கும் சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்றால் வைக்க இடமில்லை. அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, அக்காவின் கால் தையல் மெஷின். மூன்றுக்கும் நடுவில் நடப்பதற்கே பக்கவாட்டில் திரும்ப வேண்டும்.

நவம்பர் வந்தது. அக்காவுக்கு அது சீருடைக் காலம். பள்ளிக்கூடம் தொடங்கும் முன் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுப்பார். காலை எழும்பி மிதிக்கத் தொடங்கினால் அந்தி வரைக்கும் மிதிப்பார். ஒருநாள் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தபோது, அக்கா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, வீங்கிய கால்களைச் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு, கையில் வெட்டிய துணியுடன் இருந்தார். இருபது வருடமாக அந்தக் கால்கள் மிதித்துக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்ததுபோல இருந்தது என்றார் அண்ணன். அதைக் கேட்டு எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்து, நான் அன்று கொஞ்சம் சீக்கிரமாகவே பேச்சை மாற்றினேன்.

அக்காவின் கதிரையை எடுக்க அவருக்கு மனமில்லை. மெஷினைச் சுவரிலிருந்து இழுத்து, மறுபக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கீழே இருக்கும் மிதிபலகைக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று பேதமில்லை. அக்கா துணியைப் பிடித்தார், அண்ணன் மிதித்தார். சக்கரம் தலைகீழாகச் சுற்றி, நூல் சிக்கி அறுந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி அறுந்தது. பன்னிரண்டாவது தடவை அக்கா சக்கரத்தைத் தன் கையாலேயே சரியான பக்கம் சுழற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஓடியது.

முதல் நாள் பத்து நிமிடத்தில் தொடை எரிந்தது. ஒரு வாரத்தில் அரை மணித்தியாலம். டிசம்பர் பிறந்தபோது ஒரு மணித்தியாலத்துக்கு மேல். காலை ஷிப்ட் என்றால் பின்னேரம் மிதித்தார், பின்னேர ஷிப்ட் என்றால் காலையில், நைட் என்றால் தூங்கி எழும்பி. பெஞ்சும் இல்லை, த்ரீவீலும் இல்லை, ரோல்ஸும் இல்லை. முழங்காலில் பாரம் விழாத நல்ல பயிற்சி என்று நிரஞ்சனி மிஸ்ஸும் தலையாட்டிவிட்டார். அக்காவின் கட்டளைப்படி மிதிக்க வேண்டும்: நேர்த்தையல் என்றால் "போங்க போங்க", கொலர் மூலை வந்தால் "மெல்ல... மெல்ல... நில்லுங்க". ஊசி துணிக்குள் இறங்கி நிற்கும், அக்கா துணியைத் திருப்புவார், பிறகு "இப்ப போங்க". இடையிடையே ஊர்க் கதை. பக்கத்து வீட்டில் யாருக்கு யாருடன் கோபம் என்பதை இருபத்தாறு வருடம் பிந்தித் தெரிந்துகொண்டு, அதை எனக்கும் சொல்லத் தொடங்கினார். இப்படிச் சிரித்துக்கொண்டு வேலைக்கு வரும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

டிசம்பர் முடியும்போது பெருமையும் வந்தது. "தம்பி, போன வருஷம் இந்நேரம் முப்பது சட்ட. இந்த வருஷம் அறுபது. எல்லாம் இந்தக் கால்" என்று தொடையைத் தட்டிக் காட்டினார். நானும் நம்பினேன்.

ஆனால் அதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்கு ஒரு மோட்டர் வந்திருந்தது. கட்டாரில் வேலை செய்யும் மகன் ஜனகன், அம்மா இனி மிதிக்கக் கூடாது என்று, தையல் மெஷினில் பூட்டும் சின்ன கரண்ட் மோட்டர் ஒன்றை ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்து விட்டிருந்தான். அம்மாவுக்குச் சொல்லவில்லையாம், திடீரென்று கண்டு சந்தோஷப்படட்டும் என்று. நண்பர் கொண்டுவந்த நேரம் அக்கா பொத்தான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். பெட்டியை வாங்கியது அண்ணன். சோதனைக்கு இன்னும் ஐந்து வாரம். மோட்டரைப் பூட்டினால் மிதிக்க என்ன இருக்கிறது? அலுமாரியைத் திறந்து, தான் இடுப்பில் கட்டும் பழைய சாரங்களுக்கு அடியில் பெட்டியைத் தள்ளிவிட்டு, அக்கா வரும்போது ஒன்றும் தெரியாதவர்போல ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

இதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. நான் சாதாரணமாக அண்ணனுடன் கோபிப்பதில்லை.

"அண்ணன், அது அக்காட காலுக்கு வந்த சாமான்" என்றேன்.

அவர் தலை குனிந்துகொண்டார். சோதனை முடியும் மட்டும்தான் என்றார். அதுவரைக்கும் அக்காவை ஒரு தையல்கூட மிதிக்க விடமாட்டேன், நான் இல்லாத நேரம் மெஷினைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். மகன் போனில் அம்மாவுடன் பேசும்போதெல்லாம் அண்ணனுக்கு வியர்க்குமாம். ஆனால் அம்மாவும் மகனும் மோட்டர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. தன் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரியில் அந்த நாள் வந்தது. இஞ்சினியர் மாத்தயா படியின் உச்சியில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில், என் ஷிப்ட் இல்லாவிட்டாலும். அண்ணன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து இறங்கினார், அளவைக் குறித்தார், திரும்பினார். பத்து, இருபது, முப்பது. நாற்பதாவது படியில் நின்றார். அந்தப் படி அவருக்குப் பழகிய படி, உட்கார்ந்து உட்கார்ந்து மெருகேறிய படி. வலது கால் நடுங்குவது மேலிருந்தே தெரிந்தது. உதடு அசைந்தது. சாமியைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து நானும் மனசுக்குள் துஆக் கேட்டேன். அவர் உட்காரவில்லை. நின்றார், மூச்சு வாங்கினார், கொஞ்ச நேரத்தில் அடுத்த படியில் காலை வைத்தார். ஐம்பதில் ஒரு தரம் நின்றார், அறுபதில் ஒரு தரம். மேலே வந்து கொப்பியை இஞ்சினியரிடம் நீட்டினார். உட்காரக் கூடாது என்றுதான் கடிதத்தில் இருந்தது, நிற்கக் கூடாது என்று இல்லை. இஞ்சினியரும் நியாயமான மனிதர், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சாமியா என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. உங்க அக்கா. மெல்ல, மெல்ல, நில்லுங்க, இப்ப போங்கன்னு சொல்லிக்கிட்டே ஏறினேன்" என்றார்.

அதைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. உடனே வீட்டுக்குப் போக வேண்டும், நீயும் வா என்றார். தனியாகப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் தைரியமில்லை என்பது எனக்கு விளங்கியது.

அக்கா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து கையால் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் சோதனையில் பாஸான செய்தியைக்கூடச் சொல்லவில்லை. நேரே அலுமாரியைத் திறந்து, சாரங்களைத் தள்ளி, பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மகன் அனுப்பினான், நான் ஒளித்துவைத்தேன், உன் காலைவிட என் வேலை பெரிதென்று நினைத்துவிட்டேன், தப்பு என்று ஒரே மூச்சில் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து மோட்டரை வெளியே எடுத்தார். புது மோட்டர் இல்லை அது. வெள்ளை நூல் துணுக்கு ஒட்டி, எண்ணெய்ப் பிசுக்கோடு, நன்றாக உழைத்த மோட்டர்.

ஒளித்த மறுநாளே, சாரத்தைத் துவைக்க எடுத்தபோது, அக்கா பெட்டியைக் கண்டுவிட்டாராம். மகனுக்குப் போன் எடுத்துக் கேட்டு, அப்பாவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அவனையும் அடக்கிவிட்டார். மெஷின் திருத்தும் செல்லப்பாவை அண்ணன் ஷிப்டுக்குப் போன நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டு, பூட்டவும் கழற்றவும் பழகிக்கொண்டார். அண்ணன் அந்தப் பக்கம் போனதும் மோட்டர் மெஷினில் ஏறும். அவர் வரும் நேரத்துக்கு இறங்கிச் சாரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அறுபது சட்டையின் ரகசியம் அதுதான்.

நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. தன் தொடையைப் பார்த்தார், மோட்டரைப் பார்த்தார்.

"அப்ப என்னைய எதுக்கு மிதிக்க வச்ச?"

அக்கா கையிலிருந்த துணியை மடித்தார். "இருவத்தாறு வருஷமா நீங்க வீட்டுல இருக்கிற நேரமெல்லாம் தூங்குற நேரம்" என்றார். "எதிர்ல வந்து உக்காந்தது இந்த ரெண்டு மாசந்தான். அதக் கழட்டி வைக்காம என்ன செய்ய?"

அண்ணன் மோட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளைபோல, அந்த அறுபதில் தான் தைத்தது எத்தனை என்று கேட்டார்.

அக்கா முடித்து வைத்திருந்த சட்டை ஒன்றை விரித்து, கொலரின் இரண்டு மூலைகளையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

"நேர்த் தையலெல்லாம் மோட்டர். இதெல்லாம் நீங்க. அதுக்கு மூலையில நிக்கத் தெரியல."

அண்ணன் மெஷினைச் சுற்றிப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார்.