ஹரிராம் சாரின் முதல் பெஞ்சு

நானும் சின்னத்தாயும் கூட்டிப் பெருக்கும் கல்லூரி மேலூர் சாலையில் இருக்கிறது. அங்கே பொருளாதாரம் நடத்துகிறவர் ஹரிராம் சார். வராந்தாவைத் துடைத்தபடியே அவர் வகுப்பைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை முழித்தால் போதும், அந்தப் பிள்ளையின் பெஞ்சுக்கே போய் நின்றுகொள்வார்.

இந்த வருடம் பாடங்களை வீடியோவாக எடுத்து இணையத்தில் ஏற்றச் சொல்லிவிட்டது நிர்வாகம். அன்றுதான் கடைசி நாள். மாலைக்குள் அவருடைய முதல் பாடம் வராவிட்டால், வெளியில் வாங்கிய வீடியோவைப் போட்டுவிட்டு, அவரிடமிருந்து வகுப்பைப் பறித்துவிடுவார்களாம்.

காலையிலிருந்து காலி வகுப்பறையில் கேமரா முன்னால் நின்றார். "வணக்கம் மாணவர்களே" என்பார். அதற்குமேல் வராது. கழுத்தைத் துடைத்துக்கொள்வார்.

"லென்ஸைப் பாருங்க சார்," என்றான் கேமரா பிடித்த கோகுல்நாத். கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கும் பையன்.

"அது தலையாட்டவும் மாட்டேங்குது, கொட்டாவி விடவும் மாட்டேங்குது. எதப் பாத்துப்பா நடத்துறது?"

வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். சின்னத்தாய் துடைப்பத்தைச் சாத்திவிட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"பேசக் கூடாதுக்கா," என்றான் கோகுல்நாத்.

"நான் எதுக்குப்பா பேசப்போறேன்?"

சார் தொடங்கினார். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏன் ஏறுகிறது என்று குரல் சீராக வந்தது. சின்னத்தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பாதியில் நிறுத்தினார்.

"புரியாம தலையாட்டாதீங்க."

"இம்புட்டு வெலைன்னா மல்லிய யாரு சார் கேட்டா? செவந்திய வச்சுட்டுப் போவோம்."

சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "எல்லாரும் செவந்திக்குப் போனா?" என்று கேமராவை மறந்து பெஞ்சுக்கே வந்தார்.

"போனா போகட்டும். எனக்கென்ன?"

"செவந்தி வெலையும் ஏறும்!"

"அதெப்படி ஏறும்? அநியாயமா இருக்கு."

பிறகு சண்டைதான். கோகுல்நாத் கேமராவைத் தூக்கிக்கொண்டு இருவரையும் சுற்றிச் சுற்றி வந்தான். மணி அடித்ததும் நிறுத்தினான்.

"அக்கா பேசுனத வெட்டிரவா சார்?"

"வெட்டிட்டா நான் யாரோட சண்ட போட்டேன்னு பிள்ளைக நெனைக்கும்? அப்படியே ஏத்து."

அவன் ஓடினான். வெயில் இறங்கியபின் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "பிரின்சிபால் பாத்துட்டாரு சார். சிரிச்சிட்டாரு. வகுப்பு உங்களுக்கேதானாம்!"

சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அணைந்த கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி சின்னத்தாய் இருந்த பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "செத்த நேரம் இருப்பா," என்று கையைக் காட்டினார். "இவங்க இன்னும் ஒத்துக்கல."