நூறு வருஷச் செருப்புக்குப் பக்கத்தில்

எனக்கு நடக்க நன்றாகவே வரும். அமெரிக்காவில், நியூஜெர்ஸி பிஸ்கட்டவேயில் எங்கள் தெருவைக் காலையில் நாலு சுற்று, சாயங்காலம் நாலு சுற்று சுற்றுகிறவள் நான். ஆனால் விமானம் ஏறுகிற அன்றைக்கு மட்டும் முட்டி வலி வந்துவிடும். வீல்சேர் கேட்டு உட்கார்ந்துவிட்டால் எந்தப் பலகையையும் படிக்க வேண்டாம், எந்த வரிசையிலும் நிற்க வேண்டாம். போன வருஷம் நெவார்க் விமான நிலையத்தில் என்னைப் போல முட்டி வலிக்காரிகள் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி தெலுங்கு, ரெண்டு பேர் குஜராத்தி, மற்றவர்கள் நம்மவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அந்தப் பக்கம் போய் இறங்கியதும் ஆறு பேர் முட்டியும் சரியாகிவிடும் என்று ஆறு பேருக்கும் தெரியும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் லேப்டாப்பில் தட்டுகிறாள். பேசுகிற மாதிரியே எழுத மாட்டாளாம். எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு மடித்து வைக்கிறாள். அவளைப் பற்றி நான் சொன்ன ரெண்டு விஷயம் இதில் இருக்காது. போகட்டும்.

நான் போனது மகளைப் பார்க்க. அவள் இங்கிலாந்தில் ஒரு ஆற்றங்கரை ஊரில் இருக்கிறாள். அங்கே பழைய பஞ்சாலை ஒன்றை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் வேலை. அந்த வேலை ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. அதனால்தான் மகன் எனக்கு டிக்கெட் போட்டான்.

"அம்மா, அவளோட கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுது. ரினியூ பண்ண மாட்டாங்க போலிருக்கு. நான் போன்ல சொன்னா கட் பண்ணிடறா. நீ நேர்ல போயி கூட்டிட்டு வந்துரு. இங்க ஒரு வருஷக் கோர்ஸ் பாத்து வெச்சிருக்கேன். பேஸ்மெண்ட் ரூம் ரெடி" என்றான்.

"வருவாளா சாமி?"

"நீ அழுதா வருவா."

எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். மகனும் மருமகளும் ஆபீஸ் போய்விட்டால் நியூஜெர்ஸியில் நாள் முழுக்க நானும் பாத்திரம் கழுவுகிற மெஷினும்தான். மகள் பேஸ்மெண்டில் இருந்தால் சண்டை போடவாவது ஒரு ஆள் கிடைக்கும். அழுவதற்குத் தயாராகத்தான் போனேன்.

அந்த ஊரைப் பார்த்ததும் அழுகை வரவில்லை. ஊருக்கு நடுவே ஆறு. ரெண்டு கரையிலும் செங்கல் மில்லுகள், ஒவ்வொன்றும் அஞ்சு மாடி, ஆறு மாடி. புகைபோக்கி மேலே புல் முளைத்திருக்கிறது. எதிலேயும் நூல் ஓடவில்லை. ஒரு மில்லில் நடனப் பள்ளி. இன்னொன்று மகளின் மியூசியம், அதில் பாய்லர் இருந்த அறையில் காபிக் கடை. காதில் ஏழு வளையம் போட்ட பையன் அங்கே காபி மேல் நுரையில் இலை வரைந்து கொடுத்தான். மூன்றாவது மில்லில் உள்சுவரில் கல் கல்லாகப் பதித்து, பெரிய ஆட்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறி இறங்குகிறார்கள். ஏறி எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறார்களா என்று பார்த்தேன். வெறுங்கையோடுதான் இறங்குகிறார்கள். அதற்கும் டிக்கெட்.

நான் கோயம்புத்தூரில் பதினேழு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் நூல் சுற்றுகிற வைண்டிங் டிபார்ட்மெண்டில் நின்றவள். ஷிப்ட் நடுவில் பாத்ரூமுக்கு ரெண்டு தரம் போனாலே மேஸ்திரி முறைப்பார். மில்லுக்குள் சுவர் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நினைத்து நடுத்தெருவில் நின்று சிரித்தேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆற்றுப் பாலத்தில் ஒரு கூட்டம் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்குத் தலைமுடி ரோஸ் நிறம், நல்ல காட்டன் சாயம் மாதிரி பிடித்திருந்தது. தொட்டுப் பார்க்கட்டுமா என்று சைகையில் கேட்டேன், தலையைக் குனிந்து காட்டினாள். நியூஜெர்ஸியில் எங்கள் பக்கத்து ஊர் எடிசனில் இந்திய ஆன்ட்டி யாரிடமாவது இப்படிக் கேட்டிருந்தால் வாட்ஸப்பில் வந்திருப்பேன்.

ராத்திரி சாப்பிடும்போது மகளே ஆரம்பித்தாள்.

"அண்ணன் எதுக்கு அனுப்பிச்சாருன்னு தெரியும்மா. கோர்ஸ், பேஸ்மெண்ட், அதான?"

"ரூமுக்கு நல்ல பெயிண்ட் அடிச்சிருக்கான் அம்மிணி."

"சனிக்கிழமை வரைக்கும் அதப் பத்திப் பேசாத. சனிக்கிழமை எங்க டைரக்டர் வந்து என்னோட ஹால்ல நின்னு பாப்பாங்க. ஜனங்க உள்ள வந்து நின்னா எனக்கு வேலை. இல்லாட்டி நானே வந்து உன்ற பேஸ்மெண்ட்ல படுத்துக்கறேன்."

என்ன ஹால் என்று அடுத்த நாள் கூட்டிப் போய்க் காட்டினாள். மில்லின் தறி ஓடிய கூடம். இருபது தறியைத் துடைத்து எண்ணெய் விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதுவும் ஓடாது. ஆனால் ஓடுகிற தறிகளின் சத்தத்தை எங்கேயோ போய் ஆறு மாசம் பதிவு பண்ணிக்கொண்டு வந்து, மரத் தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வைத்திருக்கிறாள். நின்ற மெஷின், ஓடுகிற சத்தம். அதுதான் அவளுடைய வேலை. சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். பதினேழு வருஷம் அந்த மாதிரிச் சத்தத்தில்தான் என் ஒரு காது போச்சு. அதை விமானச் செலவு செய்து வந்து கேட்கிறேன்.

அன்றைக்கு அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ஜனங்கள் வருகிறார்கள், வாசலில் நிற்கிறார்கள், போனில் ஒரு படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை. மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேஸ்மெண்ட் பெயிண்ட் ஞாபகம் வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். சந்தோஷம் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் எனக்குக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"இங்க பாரும்மா, நீ காபிக் கடைல உக்காந்துக்க. எதையும் தொடாத. யாரையும் கூப்பிட்டுப் பேசாத. யார் முடியையும் தடவாத."

"நான் என்ன கொழந்தையா?"

"கொழந்தைன்னா வீட்ல விட்டுட்டு வந்துருப்பேன்."

காபிக் கடையில் எத்தனை நேரம் உட்காருவது? மகள் அலுவலக அறைக்குப் போன பிறகு மெல்ல எழுந்து கூடத்துப் பக்கம் போனேன். மகளோடு முதல் தரம் வந்தபோது வேறு வாசல் வழியாக வந்திருந்தேன். இந்த வாசலில் சுவரோரமாக எட்டு ஜோடிச் செருப்பு வரிசையாக இருந்தது. கட்டை அடி போட்ட தோல் செருப்பு. பக்கத்தில் ஒரு பலகை. பலகை எனக்குச் சுவர் மாதிரிதான்.

எங்கள் மில்லிலும் டிபார்ட்மெண்ட் வாசலில்தான் செருப்பை விடுவோம். வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவோம். பரவாயில்லையே, வெள்ளைக்காரர்களுக்கும் இந்த மரியாதை இருக்கிறதே என்று நினைத்தேன். யாரோ எட்டு பேர் ஏற்கனவே உள்ளே இருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். ஒன்பதாவதாக என் வெள்ளை வெல்க்ரோ ஷூவைக் கழற்றி வைத்தேன். சாக்ஸையும் சுருட்டி உள்ளே செருகினேன்.

உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை.

ரெண்டு எட்டு வைத்ததும் நின்றுவிட்டேன். தரை நடுங்கியது. முதல் தரம் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தெரியவில்லை. வெறும் உள்ளங்காலில் அப்படியே ஏறுகிறது, பாதம், கணுக்கால், முழங்கால். மெஷின் ஓடுகிறபோது தரையில் ஓடுமே, அதே நடுக்கம். என் காதுக்குத்தான் பாதி கேட்காது, காலுக்கு எல்லாம் கேட்டது. ஒரு தூணில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் முதுகிலும் ஏறுகிறது. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது வாசலில் ஒரு வயசான ஜோடி நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாள் என் ஷூவைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷை எடுத்து விட்டேன். "ஷூ நோ. கம். சிட்."

அவள் கழற்றிவிட்டாள். அவள் புருஷனுக்குக் குனிய முடியவில்லை. காலை நீட்டினார். அவள் முணுமுணுத்துக்கொண்டே லேஸை அவிழ்த்தாள். பாஷை புரியாவிட்டாலும் அந்த முணுமுணுப்பு எனக்கு நன்றாகப் புரிந்தது, நானும் நாற்பது வருஷம் அதைத்தான் முணுமுணுத்தேன். உள்ளே வந்து தரையில் காலை வைத்ததும் அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவர் கட்டை விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. அடுத்து வந்த குடும்பம் வாசலில் பதினோரு ஜோடி இருப்பதைப் பார்த்து, கேட்காமலே கழற்றியது. கூட்டம் கூட்டத்தைப் பார்த்துத்தான் நடக்கும், திருப்பதியானாலும் சரி, இங்கிலாந்தானாலும் சரி. ஒரு மணி நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. சிலர் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். நான் ரெண்டு பேரைத் தள்ளி உட்காரச் சொல்லி இடம் பண்ணிக் கொடுத்தேன்.

அப்போதுதான் மகள் வந்தாள். வாசலில் நின்ற அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. நேராக என்னிடம் வந்து குனிந்தாள்.

"அம்மா, அது நூறு வருஷத்துக்கு முந்தின செருப்பு. தறி ஓட்டுன பொம்பளைங்க போட்டது. தொடாதீங்கன்னு பலகை வெச்சிருக்கு. அது மேலயும் பக்கத்துலயும் முப்பது ஷூ கெடக்குது. ஒருத்தன் சாக்ஸ சுருட்டி அதுக்குள்ளயே வெச்சிருக்கான்."

"எனக்கென்ன தெரியும்? செருப்பு இருக்கற எடத்துல செருப்ப விட்டேன்."

"போச்சு. எல்லாம் போச்சு. டைரக்டர் கீழ வந்துட்டாங்க."

வந்தும்விட்டார்கள். உயரமான அம்மாள், மஞ்சள் கண்ணாடி, முழங்கால் வரை பூட்ஸ். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்தார்கள். பிறகு உள்ளே படுத்திருக்கிறவர்களைப் பார்த்தார்கள். மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். இது உன் யோசனையா என்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குக் கேள்வி புரியவில்லை. ஆனால் கேட்ட விதம் புரிந்தது, மகள் விழித்த விதமும் புரிந்தது.

"ஆமான்னு சொல்லு அம்மிணி" என்றேன்.

அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, நான் என்ன சொன்னேன் என்று மகளிடம் கேட்டார்கள். வேறு யாராவது பெற்ற பிள்ளையாக இருந்தால் சமாளித்திருக்கும். என் மகளுக்கு அவளுடைய அப்பா புத்தி. அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னாள். இது என் அம்மா, அவர்கள் ஆமாம் என்று சொல்லச் சொல்கிறார்கள், ஆனால் என் யோசனை இல்லை, அம்மா தெரியாமல் செய்தது.

நான் பேஸ்மெண்டுக்குத் திரை எந்த நிறத்தில் போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பூட்ஸின் ஜிப்பை இழுத்தார்கள். பாதியில் சிக்கிக்கொண்டது. நான் எழுந்து போய் உட்கார்ந்து, நூல் சிக்கெடுத்த விரலாச்சே, ரெண்டு ஆட்டு ஆட்டி இறக்கிவிட்டேன். அவர்கள் உள்ளே வந்து என் பக்கத்தில் சம்மணம் போடப் பார்த்தார்கள், வரவில்லை, காலை நீட்டிக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. மகள் வாசலில் மண்டியிட்டு, பழைய செருப்புகளை ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு முடிவு எதுவும் சொல்லவில்லை. நான் தனியாகத்தான் திரும்பி வந்தேன். விமான நிலையத்தில் கூப்பிட வந்த மகன் என் பின்னாடி எட்டிப் பார்த்தான்.

"எங்கம்மா அவ?"

"செருப்பு அடுக்கிட்டிருக்கா."

பதினைந்து நாள் கழித்து அவள் போன் வந்தது. மகன் ஸ்பீக்கரில் போட்டான். ரெண்டு வருஷத்துக்கு வேலை கொடுத்துவிட்டார்களாம். பழைய செருப்பெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. வாசலில் ஷூ வைக்கத் தனியாக ஸ்டாண்ட் வந்துவிட்டது. அண்ணன்காரன் வாழ்த்துச் சொல்லிவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான்.

அவன் போனதும் மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, டைரக்டர் உன்னக் கேக்கச் சொன்னாங்க. ஒரிஜினல் மில்லு மாதிரி இருக்கறதுக்கு ஹால்ல இன்னும் என்ன கொறையுதுன்னு."

யோசித்தேன். "வேர்க்கோணும்" என்றேன். "உள்ள போனவன் சட்டை முதுகோட ஒட்டோணும். அப்பத்தான் மில்லு."

அந்தப் பக்கம் மகள் காகிதம் எடுக்கிற சத்தம் கேட்டது. "ஹீட்டர் எத்தன டிகிரி வெக்கட்டும்?" என்றாள்.