நவமி கழியட்டும்

கந்தவேலண்ணன் ரகசியம் பேசினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் முப்பத்து நான்கு வருடம் நின்றவர். அந்த வண்டியின் கம்ப்ரசர் சத்தம் அவருடைய இரண்டு காதுகளையும் தின்றுவிட்டது. மல்லசமுத்திரத்தில் அவர் வீட்டு மாடியில் நான் ஐந்து வருடமாகக் குடியிருக்கிறேன். சேலத்துக்காரி, கணக்கு டீச்சர், கொஞ்சம் முன்கோபி. வந்த புதிதில், தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று அவர் கீழிருந்து போட்ட சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விடலாமா என்று நினைத்தேன். அது கோபமில்லை, அவருடைய சாதாரணக் குரலே அதுதான் என்று புரிய ஒரு வருடம் ஆனது.

பதினேழு வயதில் வண்டி ஏறியவர். ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர் என்று காடு மேடெல்லாம் துளை போட்டிருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறைதான் ஊருக்கு வருவார். கல்யாணமான பன்னிரண்டாம் நாள் வண்டிக்குக் கிளம்பிவிட்டாராம். மகன் மாதேஷ் பிறந்ததை நாலு மாதம் கழித்துத்தான் வந்து பார்த்தார். இதையெல்லாம் அவர் மனைவி ராமாத்தாள் அக்கா என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. இன்ன தேதியில் மழை பெய்தது என்பதுபோலச் சொல்வார்.

கம்ப்ரசர் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ரிக்கில் எல்லாமே கைதான். ராடை இறக்கு, காற்றை நிறுத்து, தண்ணீர் வந்துவிட்டது, பீடி கொடு, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. கந்தவேலண்ணனுக்கு அந்தப் பேச்சைக் கற்றுக்கொடுத்தவர் காத்தான். பக்கத்து ஊர்க்காரர், மூன்று வயது மூத்தவர், ஒரே வண்டியில் இருபத்தாறு வருடம் கூட இருந்தவர். ரிக்கை விட்டபின் ராய்ப்பூரிலேயே மோட்டார் வைண்டிங் கடை வைத்துத் தங்கிவிட்டார். வருடா வருடம் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வருவார். இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சத்தம் இல்லாமல் மணிக்கணக்கில் கையாலேயே பேசுவார்கள், திடீரென்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"என்ர கிட்டப் பேசாத பேச்செல்லாம் அந்தக் கைக்குள்ளதான் இருக்குதுங்க டீச்சர்," என்பார் ராமாத்தாள் அக்கா. அதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

போன வருடம் ஐப்பசியில் காத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அவர் மகள் வசந்தாமணி ராய்ப்பூரில்தான் இருக்கிறாள். ஏழாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராமாத்தாள் அக்காவைப் போனில் கூப்பிட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அத்தை, அப்பா இடது கையில என்னமோ காட்டிட்டே இருக்கறாருங்க. கண்ணு முழிச்சா அதேதான். கையைத் தூக்கறாரு, போடறாரு, வெரலை என்னமோ பண்றாரு. எங்களுக்குப் புரியலைன்னு தெரிஞ்சதும் அழுகறாருங்க. டாக்டரு, நரம்பு இழுக்கறதுங்கறாங்க. எனக்கு அப்படித் தோணலை. மாமாவுக்குத் தெரியுமில்லைங்களா?"

உடனே என் போனில் வீடியோ கால் போட்டோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிடம்தான் விடுவார்கள். கந்தவேலண்ணனுக்கு ஒரு கண்ணில் புரை, இன்னொன்றில் அப்போதுதான் அறுவை செய்து பத்து நாள் ஆகியிருந்தது. போனை மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு பார்த்தார். வசந்தாமணி போனைக் கிட்டே கொண்டுபோனால் கை முழுதாகத் தெரியவில்லை. தள்ளிப் பிடித்தால் விரல் தெரியவில்லை.

"ரிக்குக் கைதானுங்க. நிச்சயமா ரிக்குக் கைதான்," என்றார் கந்தவேலண்ணன். "கையைச் சாய்க்கறான். சாய்க்கற கை மூணு இருக்குது. வெரலைப் பாத்தாத்தான் எதுன்னு தெரியும். எனக்கு வெரலு தெரியலையே!"

கண் டாக்டர் அண்ணனை நெடும்பயணம் செய்யக் கூடாது என்றிருந்தார். அப்போதுதான் கூடத்தில் துணி போட்டு மூடியிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மாதேஷ் துபாய்க்குப் போகுமுன் படித்த காலத்தில் வாங்கியது. திரை பெரியது, மேலே கேமராவும் இருந்தது. இன்டர்நெட் இணைப்பு என் மாடியில் இருக்கிறது. வயர் இழுக்கலாம் என்றால் ஆள் செவ்வாய்க்கிழமைதான் வருவேன் என்றான். கம்ப்யூட்டரில் ஒரு வைஃபை அடாப்டரைச் செருகினால் போதும், மாடியிலிருந்து காற்று வழியாகவே வந்துவிடும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். மறுநாள் சனிக்கிழமை காலையில் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

சேலத்தில் எங்கள் பங்குக் கோயில்காரத் தம்பி டோனி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். நகம் அளவில் ஒன்றும், ஆன்டெனா வைத்த ஒன்றும் எடுத்துப் போட்டான்.

"சின்னது ஒரே ரூமுக்குத்தான் சரியா வரும்க்கா. மாடியில இருந்து கீழன்னா இதை எடுத்துக்குங்க."

"நடுவால காங்கிரீட்டு இருக்குது. எத்தனை அடி எறங்கும்?" என்று கந்தவேலண்ணன் கேட்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சண்டை என்று நினைத்துத் திரும்பினார்கள். டோனி பயந்துபோய், அறுபது என்று பில் புத்தகத்தின் பின்னால் எழுதிக் காட்டினான்.

"நமக்கு முப்பது போதும்," என்றார் அண்ணன். ஆன்டெனாவைக் கையில் வாங்கித் திருகிக் கழற்றி, மறுபடி திருகி, மரை சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். போர் ராடைப் பார்க்கிற அதே பார்வை. திருப்தியான பிறகே பணத்தை எடுத்தார். பஸ்ஸில் அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீடு வந்து சேர மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது. நான் கம்ப்யூட்டரின் துணியை எடுத்துத் தூசி தட்டினேன். திரும்பிப் பார்த்தால் பெட்டி சாமி அறையில் ஒரு தட்டில் இருந்தது, பக்கத்தில் எலுமிச்சம்பழம்.

"பன்னெண்டே முக்காலுக்கே அஷ்டமி பொறந்திருச்சுங்க டீச்சர்," என்றார் ராமாத்தாள் அக்கா, நாட்காட்டியைக் காட்டி. "அதுக்கப்புறம் நவமி. திங்கக்கெழமை பதனொரு மணிக்குத்தான் தசமிங்க."

நான் கந்தவேலண்ணனைப் பார்த்தேன். என் முகத்தில் இருந்தது அவருக்குப் புரிந்திருக்கும்.

"பாறையைத் தொளைக்கற புது பிட்டை நாங்க அஷ்டமி நவமியில குழியில எறக்கறதில்லைங்க," என்றார். "ஒரே ஒருக்கா எறக்குனோம், ஒடிசாவுல. அவசரம்னு முதலாளி சொன்னாரு. நாள் பாக்காத, எறக்குன்னு காத்தானும் கை காட்டுனான். ராடு நழுவி எங்க வண்டி டிரைவரு மேல விழுந்துச்சு. நாங்க ரெண்டு பேரும்தான் தூக்குனோம். இப்ப காத்தான் உசுரு விசயம். இதுல நான் வெளையாட மாட்டேன். நவமி கழியட்டும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. இது குழியில் இறக்குகிற இரும்பா, இரண்டு விரல் அளவு பிளாஸ்டிக்குக்கு என்ன அஷ்டமி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தலைமையாசிரியரிடமே எதிர்த்துப் பேசுகிறவள் நான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. காரணம் அவருடைய நம்பிக்கை மேல் எனக்கிருந்த மரியாதை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண், அவர் வீட்டில் குடியிருப்பவள். நாள் பார்ப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால், ஆன்சி டீச்சர் சொன்னதாக இருக்காது, வேதக்காரி சொன்னதாகிவிடும். ஐந்து வருடமாக நல்ல பெயரோடு இருக்கிறேன், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. தவக்காலத்தில் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்று என் வீட்டில் என் தம்பிக்கு வந்த நல்ல வரனைத் தள்ளிப்போட்டவர்கள் நாங்கள், நான் என்ன முகத்தோடு பேசுவது என்றும் ஒரு சாக்கு கிடைத்தது. மாடிக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் காத்தானுக்காக வேண்டிக்கொண்டேன். திரும்பி வந்து, சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினேன். கந்தவேலண்ணன் கம்ப்யூட்டர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, அணைந்திருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் முழங்கால் மேல் கை வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் மறுபடி மேலே ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு எடுத்தேன். பதினொன்று அடித்ததும் அக்கா கற்பூரம் காட்டினார். அண்ணன் அடாப்டரை எடுத்துக் கண்ணில் ஒற்றி, தானே செருகினார். நீல விளக்கு மினுக்கியது. என் வைஃபையின் பாஸ்வேர்டு ஒரு புனிதரின் பெயர். ஒரு எழுத்தும் தப்பாமல் ஒற்றை விரலால் தட்டினார். அடுத்த நிமிடம் வசந்தாமணியின் முகம் திரை முழுக்க வந்தது. அழுது வீங்கிய முகம்.

அவள் போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். காத்தான் பாதியாகச் சுருங்கியிருந்தார். கண் திறந்திருந்தது. இடது கை போர்வை மேல் கிடந்தது. திரையில் கந்தவேலண்ணனைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கை அசைந்தது. வெள்ளிக்கிழமை எழுந்த உயரத்துக்கு அது எழவில்லை. ஒரு சாண்தான் எழுந்தது. ஆனால் விரல் ஒவ்வொன்றும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

கந்தவேலண்ணன் எழுந்து நின்றுவிட்டார். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

"போரு முடிஞ்சுது. மாஸ்ட்டுக் கம்பத்தைச் சாய்ச்சு வண்டி மேல படுக்கப் போடு. வண்டியை எடு." கட்டைவிரல் மெதுவாகத் தோள்பட்டைப் பக்கம் திரும்பியது. "ஊருக்கு."

காத்தானின் கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"எதுக்குங்க திருப்பித் திருப்பிக் காட்டறாரு?" என்று அக்கா அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"கை காட்டுனா, பாத்தவன் அதையே திருப்பிக் காட்டோணும். காட்டுனாத்தான் புரிஞ்சுதுன்னு அர்த்தம். அது வர்ற வரைக்கும் காட்டறவன் நிறுத்தக் கூடாது. அது ரிக்குச் சட்டம்," என்றார். "பத்து நாளா ஒருத்தரும் அவனுக்குத் திருப்பிக் காட்டலையே சாமி!"

கேமராவுக்கு நேராக நின்று, கையை உயர்த்தி, சாய்த்து, மணிக்கட்டைத் திருகி, கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினார். மெதுவாக, ஒன்றும் விடாமல் காட்டினார். காத்தான் பார்த்தார். அவருடைய கை பாதியில் நின்றது. பிறகு போர்வை மேல் இறங்கியது. அதற்கப்புறம் அது எழவில்லை.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கேக்கறாரும்மா," என்று நான்தான் வசந்தாமணியிடம் சொன்னேன்.

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் கேட்டாங்க டீச்சர். இப்பக் கொஞ்சம் தேறியிருக்காரு, ஆம்புலன்ஸ்ல ஊருக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்கன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். நேத்து இன்னொருக்கா வாதம் வந்திருச்சு. இனி அசைக்கவே கூடாதுங்கறாங்க."

கந்தவேலண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்லுது புள்ளை?" என்றார். அக்கா சேலையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் நோட்டை எடுத்து எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அவர் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு நோட்டை மேஜை மேல் கவிழ்த்து வைத்தார்.

புதன்கிழமை விடியலில் காத்தான் இறந்துபோனார். ஆம்புலன்ஸில் ஊர் கொண்டுவந்து சேர்க்க ஒன்றரை நாள் ஆனது. வெள்ளிக்கிழமை எரித்தார்கள். கந்தவேலண்ணன் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு மாடிப்படியின் அடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தேன். வழிவிட்டு நகர்ந்தவர், நான் இரண்டு படி ஏறியதும் கூப்பிட்டார்.

"டீச்சர், சனிக்கெழமை நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

என்னால் மேலே போக முடியவில்லை. இறங்கி வந்து, உதடு தெரியும்படி அவர் எதிரில் நின்றேன். "சொல்லியிருந்தா, அன்னைக்கே போட்டிருப்பீங்களாண்ணா?"

யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"போட்டிருக்க மாட்டேன்," என்றார். "ஆனாலும் நீங்க சொல்லியிருக்கோணும்."