மேஸ்திரிக்காக அழுத பஸ்

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் பாட்டு ஓடவில்லை. பெரியபாளையத்தில் ஏறும்போதே அது எனக்கு உறுத்தியது. புதுவாயல் வரும்வரை பாட்டு போட்டுக்கொள்ளும் உரிமையை எங்கள் டிரைவர் பாபு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆரணி வந்தது. எஸ்தர் வழக்கமாக நிற்கும் மருந்துக்கடை வாசலில் யாரும் இல்லை. பாபு அங்கே பஸ்ஸை நிறுத்தினான், கதவைத் திறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "எஸ்தரு அக்கா நேத்து சாயங்காலம் போயிட்டாங்கமா. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள..." என்றான்.

எஸ்தரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயர் கட்டும் எங்கள் கம்பெனியில் அவளுக்கு என்ன வேலை, எத்தனை வருஷ சர்வீஸ் என்பதையெல்லாம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள். அதில் இல்லாததை நான் சொல்ல வேண்டும். எஸ்தர் எங்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டியவள். ஓடுகிற பஸ்ஸில், நின்றுகொண்டு.

அது போன வருஷம் தொடங்கியது. நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு தடித்த நாவலை ஜன்னலோரம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று மூக்கை உறிஞ்சினாள். பின் சீட்டிலிருந்து ஒருத்தி, "இன்னாடி, ஊட்ல சண்டையா?" என்று கேட்டாள். "இல்லடி, கதைல சண்டை" என்றாள் எஸ்தர். எங்கேயோ ஒரு குளிர்தேசம். பாலம் கட்டுகிறவன் ஒருவன், ரொட்டிக் கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறான். போர் வருகிறது. பாலம் கட்டத் தெரிந்தவனுக்கு உடைக்கவும் தெரியும் என்று, அவன் கட்டிய பாலங்களையே வெடிவைத்துத் தகர்க்க அவனை அனுப்புகிறார்கள். உலகமெல்லாம் படித்த பழைய நாவலாம். எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. "அப்புறம்?" என்று கேட்டோம். "அப்புறம் வேணும்னா நீங்களே கேளுங்க" என்று எழுந்து நின்றுவிட்டாள்.

அன்றிலிருந்து புதுவாயலில் பாட்டு நிற்கும், கதை ஆரம்பிக்கும். பாபு முதலில் முறைத்தான். "பாட்டு இல்லன்னா எனக்குத் தூக்கம் வரும்கா" என்றான். கொஞ்ச நாளில் அவனே கவரைப்பேட்டை தாண்டியதும் வண்டியை உருட்ட ஆரம்பித்தான், அத்தியாயம் முடியட்டும் என்று. கதாநாயகனின் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் அவனுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தோம். அவன் மனைவி ரொட்டிக்காரி. லைனில் வயர் கட்டும்போதுகூட, "மேஸ்திரிக்கு லீவு கெடைக்குமா?" என்றுதான் பேச்சு. பக்கத்து லைன்காரிகள் எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள்.

எஸ்தர் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு, மறுகையில் புத்தகத்தைப் பிடித்து, எங்களைப் பார்த்து நின்று படிப்பாள். பக்கம் திருப்ப வேண்டுமானால் கம்பியை விட்டாக வேண்டும். அந்த ரோட்டில் கம்பியை விட்டால் என்ன ஆகும் என்பது அதில் போகிறவர்களுக்குத் தெரியும். அதனால் அவளுக்குப் பக்கவாட்டில் முதல் சீட்டில் உட்காரும் ஜோதி அக்கா, எஸ்தர் பக்கம் திருப்பும்போதெல்லாம் அவளுடைய யூனிபார்ம் கோட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வாள். திருப்பி முடித்ததும் விட்டுவிடுவாள். யாரும் சொல்லிவைத்த ஏற்பாடில்லை, தானாக அமைந்தது.

ஜோதி அக்காவின் மகன் விக்னேஷ் ராணுவத்தில் இருக்கிறான். கதையைக் கேட்ட ஒருத்தி ஒரு நாள், "பட்டாளத்தத் திட்ற கதைய அக்கா முன்னாடி படிக்கலாமா?" என்று முணுமுணுத்தாள். எஸ்தர் சட்டென்று சொன்னாள்: "இது சண்டையத் திட்ற கதை. சண்டைக்குப் போன புள்ளையத் திட்றது இல்ல." ஜோதி அக்கா, "மேல படி" என்று கை காட்டினாள்.

பிறகுதான் அந்த வாரம் வந்தது. எல்லையில் பதற்றம் என்று டிவியில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். விக்னேஷிடமிருந்து போன் இல்லை. ஜோதி அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே மூடிவைத்தாள். கதையிலோ மேஸ்திரி கடைசிப் பாலத்துக்குப் போய்விட்டான். அன்று எஸ்தர் படித்தாள். மேஸ்திரி கையில் கட்டோடு திரும்பி வந்தான். ரொட்டிக் கடை வாசலில் நின்று மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பஸ்ஸே கைதட்டியது. பாபு ஹாரன் அடித்தான். நானும்தான் கைதட்டினேன், எனக்கு ஒன்றும் தெரியாது.

மறுநாள் புதுவாயலில் ஏறிய ஜோதி அக்கா சீட்டில் உட்காரவில்லை. எஸ்தருக்கு எதிரில் நின்றாள்.

"நேத்து நீ இன்னா படிச்ச?"

"கதைதான்கா."

"புஸ்தகத்துலேர்ந்தா? நேத்து நான் உன் கோட்ட ஒரு வாட்டிகூடப் புடிக்கல எஸ்தரு. புதுவாயல்லேர்ந்து கம்பெனி கேட்டு வரைக்கும் நீ ஒரு பக்கம் திருப்பல."

எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செத்துட்டானா மேஸ்திரி?"

எஸ்தர் ஆமாம் என்று தலையாட்டினாள். "விக்னேஷ் போன் பண்ணட்டும்கா. அப்புறம் படிக்கிறேன். இப்ப எனக்கு வாய் வரல."

"எம்புள்ள வேற, இவன் வேற. அது எனக்குத் தெரியும். இத்தினி நாளு இவன் கூடவே வந்துட்டு, செத்த அன்னிக்கு மட்டும் நாம காதப் பொத்திக்கினா எப்பிடி? அந்தப் பொண்ணு அங்க தனியா அயுவுது. நீ படி."

எஸ்தர் எங்கள் பக்கம் திரும்பினாள். "நேத்து நான் படிச்சது புஸ்தகத்துல இல்ல. நானா சொன்னது. மன்னிச்சிருங்க" என்றாள். பிறகு படித்தாள். குரல் உடைந்தபோது நிறுத்தினாள், மறுபடி படித்தாள். ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஜோதி அக்கா கோட்டைப் பிடித்துக்கொண்டாள், ஒரு கையால் கண்ணைத் துடைத்தபடி. கம்பெனி கேட் வந்துவிட்டது. யாரும் இறங்கவில்லை. செக்யூரிட்டி வந்து பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். பாபு தலையை வெளியே நீட்டி, "சும்மா இருய்யா, இன்னும் கொஞ்சம்தான் கீது" என்றான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் தட்டுவதை விட்டுவிட்டார்.

எல்லோருக்கும் லேட். ஏன் என்று சூப்பர்வைசர் கேட்டார். "துக்கம் சார்" என்றோம். "யாரும்மா?" "மேஸ்திரி சார்." அவர் ஏதோ பில்டிங் வேலைக்காரர் போலிருக்கிறது என்று நினைத்து, பாவம், எங்களை ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டுவிட்டார்.

விக்னேஷ் பிறகு போன் செய்தான். டவர் இல்லாத இடமாம். ஜோதி அக்கா அவனிடம் முதலில் சொன்னது மேஸ்திரி செத்த கதையைத்தான்.

வேலைக்குப் போகிற பஸ்ஸில் வருகிற பெண்களுக்குச் சினிமாப் பாட்டும் சீரியல் கதையும் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்கள் பஸ்ஸைப் பற்றி நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். போர் என்றால் என்ன என்று எங்களுக்கு டிவி சொல்லித்தரவில்லை, எஸ்தர் படித்துக் காட்டினாள். எங்களால் தாங்க முடியாது என்று அவள் நினைத்தது ஒரே ஒரு நாள். அதற்குப் பிறகு எந்தப் புத்தகத்திலும் எங்களுக்காக ஒரு வரியைக்கூட அவள் மாற்றவில்லை. "நீங்க இன்னா கேக்கறீங்களோ, அது அதுல இருக்கறதுதான்" என்பாள்.

அந்தத் திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பாபு பஸ்ஸை நேராக ஆரணிக்கு விட்டான். நாங்கள் யூனிபார்மோடு போய் நின்றோம். சவப்பெட்டியைத் தூக்கும்போது முன்னால் தோள் கொடுத்தவன், லீவில் வந்திருந்த விக்னேஷ். எஸ்தர் யாருக்காகப் பயந்து கதையை மாற்றினாளோ அவன் உயிரோடு, முழுசாக, அவளைச் சுமந்துபோனான். ஜோதி அக்கா மகனைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

எஸ்தர் பாதியில் விட்டுப்போன புத்தகம் ஒன்று இருக்கிறது. அவள் கணவர் அதை என் கையில் கொடுத்தார். நேற்று புதுவாயலில் பாபு பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் எழுந்து போய் அந்தக் கம்பியில் கையைக் கோத்து நின்றேன். எனக்கு எஸ்தரின் குரல் கிடையாது, இடையிடையே தடுமாறும். அவளிடமிருந்து எனக்கு வந்தது அந்த இடம் மட்டும்தான். பக்கத்தின் கடைசி வரி வந்தது. கம்பியை விடப் பயந்து நின்றேன். முதுகுப் பக்கம் என் கோட்டை ஒரு கை கொத்தாகப் பிடித்தது.

"திருப்பு. நான் புடிச்சிக்கினுதான் கீறேன்" என்றாள் ஜோதி அக்கா.