மணக்காத வெங்காயம்

டோஹாவில் ஒரு ஹோட்டலின் மெக்சிகோ சமையல் பகுதியில் பல வருஷம் நின்றவர் சாந்தகுமார். வெங்காயம் கருகத் தொடங்குவதை, திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். கொரோனாக் காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மூக்குக்கு மணமும் நாக்குக்கு ருசியும் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் வேலையும் போனது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் மனைவி துஷாந்தினி இருந்த வாடகை அறைக்கு வந்து சேர்ந்தார்.

"வரும், பொறுத்திருங்க" என்றார் டாக்டர். வரவேயில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் நிஸாம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை திறந்தபோது சாந்தகுமாரைச் சமையலுக்கு எடுத்தார். மூக்கைப் பற்றி சாந்தகுமார் வாய் திறக்கவில்லை.

பெரிய பம்பாய் வெங்காயத்தைத் தடித்த வளையங்களாக வெட்டி, எண்ணெய் பூசி, கம்பித் தட்டில் வாட்டுவார். தேசிக்காய்ப் புளி பிழிந்து, உறைப்புக்குக் கொச்சிக்காய்த் தூளும் சீஸும் தூவி, கோதுமை மா டோர்ட்டியா ரொட்டியில் மடித்து மறுபடி சுடுவார். மணம் தெரியாததால் நிறத்தைப் பார்த்தும், சீறும் சத்தத்தைக் கேட்டும் வேலை செய்தார். அதைச் சாப்பிடவென்றே ஆட்கள் வந்தார்கள்.

ஒரு மழை நாள் மத்தியானம். சாரல் அடிக்காமலிருக்கக் கடையின் உருட்டுக் கதவைப் பாதி இறக்கியிருந்தார்கள். சாந்தகுமார் லைட்டரைக் கையில் எடுத்த நேரம், வழக்கமாக வரும் ஷிம்னா கைக்குழந்தையோடு உள்ளே நுழைந்தாள்.

"யா அல்லாஹ்! பத்த வெக்காதீங்க! காஸ் மணக்குது!"

அவர் கை அப்படியே நின்றது. பின்பக்கமிருந்து ஓடிவந்த நிஸாம் சிலிண்டரை மூடி, கதவை முழுதாகத் தூக்கினார். காஸ் குழாய் கழன்று கிடந்தது; மழை இரைச்சலில் அதன் சீறல் கேட்கவில்லை. ஷிம்னா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையிலேயே வெளியேறினாள்.

"ஒங்களுக்கு மணக்கல்லயா அண்ணே?" என்று கேட்டார் நிஸாம்.

"இல்லீங்க நிஸாம் நானா. ரொம்ப நாளா எனக்கு எதுவுமே மணக்கிறதில்ல."

"ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா அடுப்புகிட்ட விட்டிருப்பீங்களா?"

நிஸாம் அவர் கையிலிருந்த லைட்டரை வாங்கி வைத்தார்.

"கோவமில்ல அண்ணே. அந்தப் புள்ளட மொகம் கண்ணுக்குள்ளயே நிக்கிது. இனி ஒங்கள அடுப்புல நிப்பாட்ட ஏலாது. முன்னுக்கு நில்லுங்க."

புதிதாக வந்த சமையல்காரர் புஷ்பராஜ் அடுப்பில் நின்றார். சாந்தகுமார் முன்னால் நின்று பார்சல் கட்டினார். முதுகுக்குப் பின்னால் சத்தம் மாறியதும், "திருப்புங்க, கருகுது" என்றார்.

"ஒங்க வேலைய நீங்க பாருங்க அண்ணே" என்றார் புஷ்பராஜ்.

அதன் பிறகு சாந்தகுமார் அப்படிச் சொல்லவில்லை. கருகிய வளையங்களையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஷிம்னா திரும்ப அந்தக் கடைக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துஷாந்தினி தானாகவே வெங்காயம் வாங்கி வந்து வைத்தாள். "எனக்கு ஒன்னு செஞ்சு குடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

தோசைக்கல்லில் வெங்காயத்தைப் பரப்பினார். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மலர்ந்தது.

"இப்ப நல்லா மணக்குதுங்க."

"எப்படி மணக்குது?"

அவள் யோசித்தாள். சொல்ல வாயெடுத்தாள், நிறுத்தினாள்.

"வெங்காயம் மாதிரிதாங்க" என்றாள் கடைசியில்.

சாந்தகுமார் தலையாட்டினார். வெங்காயத்தை ரொட்டியில் வைத்து மடித்து அவளுக்குப் பாதி கொடுத்தார். மீதியை, சூடு மட்டுமே தெரிந்த நாக்கில் வைத்து மெல்லத் தொடங்கினார்.