மாமாவுக்கு மாட்டிய ஏரோ பார்

நிமிர்ந்து ஓட்ட சைக்கிள் கேட்டவர்கள் போய், குனிந்து ஓட்ட வழி கேட்கிறவர்கள் வருகிற காலத்தில் நான் சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஏரோ பார் மாட்டிக் கொடுத்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால் வாருங்கள், சேர்ந்து புலம்பலாம்.

மாமா கேட்டது

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடலூரில் கவர்ன்மென்ட் ஆபீஸில் வேலை. ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிள் ரேஸ் பைத்தியம் பிடித்தது. போன ரேஸில் கடைசியாக வந்தார். காரணம் எதிர்காற்றாம். அதனால் ஏரோ பார் வேண்டும் என்றார். ஹேண்டில்பாரைக் கவ்விக்கொண்டு முன்னால் நீளுகிற இரண்டு குழாய் அது. முழங்கையை அதிலுள்ள பேடில் ஊன்றிப் படுத்த மாதிரி ஓட்டலாம், காற்று தடுக்காது. எல்லாம் சரி, பிரேக்? அது பழைய இடத்தில்தான் இருக்கும். கை அங்கே போய்ச் சேருவதற்குள் எருமை குறுக்கே வந்துவிடும்.

நாலைந்து மாடல் பார்த்து, பேடை நன்றாகக் கீழே இறக்க முடிகிற ஒன்றைப் பிடித்தார் மாமா. நான் அக்காவுக்குப் போன் போட்டு, நீயாவது வேண்டாமென்று சொல்லேன் என்றேன்.

"நான் சொல்லி அவுங்க எதைக் கேட்டிருக்காங்க? மாட்டிக் குடு. அவுங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்."

டியூப் ரப்பர்

குழாய் மாமாவின் கைக்கு நீளம். அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. அளந்தேன், மறுபடி அளந்தேன், அப்புறமும் மனசு வராமல்தான் ரம்பம் போட்டேன். அது நல்லபடியாக வந்தது. வம்பு கிளாம்பில். அது கவ்வுகிற இடத்தில் ஹேண்டில்பார் கொஞ்சம் மெலிசு. எது லூசாக இருந்தாலும் பழைய டியூபை வெட்டிச் சுற்றி முடுக்குவதுதானே நம் கடைகளில் வழக்கம்? என்னோடு வேலை செய்யும் ஆரோக்கியமும் அதையே செய்தார். நான் தொங்கிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை.

ஆனாலும் பயம் விடவில்லை. கிளாம்புக்கும் பாருக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு இழுத்து வெயிலில் நிறுத்தினேன். மத்தியானம் ஒரு அழுத்து அழுத்தினால், கோடு இரண்டாகப் பிரிந்து நின்றது. வெயிலில் ரப்பர் இளகி, கிளாம்ப் நழுவியிருந்தது. ரப்பரைப் பிடுங்கிப் போட்டு, அலுமினியத் தகட்டை வளைத்து வைத்து முடுக்கினேன். ஆரோக்கியத்துக்கு வருத்தம்.

"ஊருல இருக்கிற அத்தனை சைக்கிளுக்கும் நின்ன ரப்பர்ண்ணே. உங்க மாமாவுக்கு மட்டும் நிக்கலையே."

கீரப்பாளையம் ரோடு

ஞாயிற்றுக்கிழமை காலை ட்ரையல். மாமா முன்னால், நான் பைக்கில் பின்னால். என் கவலையெல்லாம் கிளாம்பில் புதிதாகப் போட்ட கோட்டின் மேல். அறுப்பு நேரம் என்பது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தது. குனிந்த குனிவில் மாமாவுக்கு முன் டயரைத் தவிர எதுவும் தெரியவில்லை. விடாமல் ஹார்ன் அடித்தேன். நான் உசுப்பேற்றுகிறேன் என்று நினைத்து மனுஷன் இன்னும் வேகமாக மிதித்தார்.

நேராக நெல்லுக்குள் போனார். கை பிரேக்குக்கு வருவதற்குள் சைக்கிள் நெல்லை வாரி இறைத்து, ஆடி ஆடி நின்றது. விழவில்லை. ஓடிப்போன நான் முதலில் பார்த்தது கோட்டை, அப்புறம்தான் மாமாவை. இரண்டும் நேராக இருந்தன. நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா துடைப்பத்தோடு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"குனிஞ்சு ஓட்டுனது போதும். ரெண்டு பேரும் இப்ப குனிஞ்சு கூட்டுங்க."

அக்கா வீடு

வீட்டில் மூச்சு விடக் கூடாது என்று பேசிவைத்துக்கொண்டு போனோம். மாமா சைக்கிள் பனியனைக் கழற்றி உதற, அதன் முதுகில் தைத்திருந்த பையிலிருந்து நெல் கொட்டியது. அக்கா நெல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி ரேஸுக்கு விடமாட்டாள் என்று மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. எனக்கானால் அவள் விடாமல் இருந்தால் போதுமென்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நெல்லைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் அக்கா வாயைத் திறந்தாள்.

"ரேஸ் அன்னிக்கும் நீ பின்னாடியே போ. ஹார்ன் மட்டும் அடிக்காத."

ஆக, ஏரோ பார் மாட்டிக்கொள்கிறவருக்கு வலிப்பது கழுத்து மட்டும்தான். மாட்டிவிட்டவனோ அவர் வீடு வந்து சேரும்வரை ஹார்னைத் தொடாமல் பின்னாலேயே போக வேண்டும்.